சந்தனக் கை

ஐயாதுரை அண்ணாச்சி கடைக்குள் வந்து என் வலது கைமீது துண்டைப் போட்டதும், பேரம் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தரகன் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும். என் அத்தா மைதீன் பிச்சை மாட்டுச் சந்தையில் தரகர். துண்டுக்கடியில் விரல் பிடித்தே விலை பேசி எங்களை வளர்த்தவர். எந்த விரலைத் தொட்டால் என்ன விலை, எந்த அழுத்தத்துக்கு ‘இதுக்குமேல ஏறமாட்டேன்’ என்று அர்த்தம் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போகுமுன்பே எனக்குப் பாடம். அண்ணாச்சியும் அதே சந்தையில் மாடு பிடிக்கிறவர். என் சுண்டுவிரலைப் பிடித்தார். கொஞ்சமாகத்தான் கேட்கிறார் என்று நானும் சிரித்தேன்.

“தோள்ல இருக்க கை வேண்டாம்லே அமீது” என்றார். சொல்லிக்கொண்டே விரலைப் பின்பக்கமாக மடக்கினார். அது எந்தச் சந்தைக் கணக்கிலும் இல்லாத பக்கம். விரல் முறிகிற சத்தம் வெளியே அவ்வளவாகக் கேட்பதில்லை. உடையவனுக்குத்தான் அது எலும்பு வழியாக வந்து காதில் விழுகிறது.

எந்தக் கை என்று சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் ஸ்டுடியோ. தொண்ணூற்றெட்டு வாக்கில் கறுப்பு வெள்ளைப் பேப்பர் வரத்து நின்றுபோனது. ஊரோ, செத்தவர்களுக்குக் கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்றது. கலரில் போட்டால் ஆள் வெளியூர் போயிருக்கிற மாதிரி இருக்கிறதாம். கம்ப்யூட்டரும் ஒரு இங்க்ஜெட் பிரிண்டரும் வாங்கிப்போட்டேன். அது கலர் மைகளைக் கலந்து சாம்பல் காட்டுகிறேன் பேர்வழி என்று முகங்களைப் பச்சையாக்கியது, தண்ணீரில் ஊறிக் கிடந்த பிணம் மாதிரி. ஆகவே கலர் கார்ட்ரிட்ஜின் மூன்று அறைகளையும் ஊசியால் உறிஞ்சிக் கழுவிவிட்டு, கறுப்பு மையில் தண்ணீர் கலந்து அடர்த்தி, நடுத்தரம், லேசு என்று மூன்று சாம்பல்களை ஏற்றினேன். உறிஞ்சிய சிவப்பை ஒரு இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி மேஜைமேல் வைத்தேன். வியாபாரி வீட்டில் எதையும் கீழே கொட்டமாட்டோம். என் கர்வமெல்லாம் மூன்றாவது அறையின் லேசுச் சாம்பல்தான். வெள்ளைச் சட்டைமேல் வெள்ளைத் துண்டு கிடந்தாலும் பிரித்துக் காட்டிவிடும்.

வெள்ளத்தாய் அக்கா கொண்டுவந்தது தன் கல்யாணப் படம். அதிலிருந்து புருஷன் சௌந்தரபாண்டியனை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னாள். அவரைச் சோழபுரம் ரோட்டில் வாய்க்கால் பாலத்தில் வெட்டிப்போட்டு வருஷம் திரும்பப்போகிறது. முதல் வெட்டு இடது தோளில். அரிவாள் எலும்பில் மாட்டிக்கொண்டதால் முதுகில் மிதித்து உருவித்தான் கழுத்துக்குப் போக முடிந்தது. கிணற்றுப் பங்குத் தகராறு. வெட்டியது அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் ஐயாதுரை என்பது சந்தை மாட்டுக்கும் தெரியும். ஆனால் சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் மனிதர்கள் மாடுகளாகிவிட்டார்கள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசிய கையோடு அண்ணாச்சி பின்னால் நின்று அந்த இடது தோளை அழுத்திப் பிடித்திருக்கிறார். ஆள் மாப்பிள்ளைக்குப் பின்னால் மறைந்துவிட்டார், படத்தில் விரல்கள் மட்டும் விழுந்திருந்தன. சந்தனம் ஃப்ளாஷில் வெளுத்துச் சட்டையோடு சட்டையாகக் கிடந்தது. என் லேசுச் சாம்பல் அதைத் தோண்டி எடுத்துவிட்டது. அண்ணாச்சியின் கோணல் சுண்டுவிரல் உட்பட. அழித்துவிடட்டுமா என்று அக்காவைக் கேட்டேன்.

“இருக்கட்டும் தம்பி. வருசத் திதிக்கு மாலை போட அவுகதான வாராக. வந்து பாக்கட்டும்.”

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவ்வளவு நல்ல சரக்கை உள்ளே பூட்டிவைக்க எந்த வியாபாரிக்கு மனசு வரும். ஒரு பிரிண்டை ஷோகேஸில் மாட்டினேன். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். என் வேலைப்பாட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று நானும் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

அண்ணாச்சி ஷோகேஸ் கண்ணாடியை என் நெற்றியைக் கொண்டே உடைத்தார். அந்தப் பிரிண்டைச் சுருட்டி என் வாயில் திணித்து, மென்று தின்னச் சொன்னார். மை கசக்கும். பிறகு துண்டை மறுபடி போட்டு மோதிரவிரலைத் தொட்டார். பேரம் அதோடு படிந்தது.

கம்ப்யூட்டரில் அழிக்க எனக்கு மவுஸ் பிடிக்கும் கை இல்லை. இடது கையால் மூன்றாவது அறையின் மையை உறிஞ்சி எடுத்துவிட்டு வெறும் தண்ணீரை ஏற்றினேன். பிரிண்டர் இழுத்து இழுத்துப் படத்தை வெளியே தள்ளியது. தோள் வெள்ளை வெளேரென்று வந்தது. அண்ணாச்சி படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இப்பத்தாம்லே மாப்பிள்ள லட்சணமா இருக்கான்.”

கை போய்விட்டது. கை அழுத்திச் சட்டையில் விழுந்த மடிப்புகள் போகவில்லை. அந்த நிழல் நடுத்தரச் சாம்பல், அது வேறு அறை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தத் தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மாட்டுக்குக் கெட்ட சுழி இருந்தால் வாங்குகிறவன்தான் பார்க்கணும் என்பார் அத்தா.

மறுநாள் அக்கா வந்தாள். தோளைப் பார்த்தாள். என் விரலில் போட்டிருந்த துணிக்கட்டையும் நெற்றித் தையலையும் வெறும் சட்டமாக நின்ற ஷோகேஸையும் பார்த்தாள்.

“அண்ணன் வந்துட்டுப் போச்சாக்கும்” என்றாள்.

சேதமான சரக்கைத் தள்ளிவிடுகிற குரலில், மாலை போட்டால் தோள் எப்படியும் மறைந்துவிடும் என்று சொல்லிப்பார்த்தேன். அவள் படத்துக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாக நகத்தால் தடவினாள். பிறகு இருமல் மருந்து பாட்டிலைத் திறந்து சிவப்பை உள்ளங்கையில் கவிழ்த்தாள். அண்ணனுக்கு இருக்கிற அதே கோணல் சுண்டுவிரல் அவளுக்கும். விரல்களை மடிப்புகளில் பொருத்தி, மேஜை முனகுகிற அளவுக்கு ஊன்றி அமுக்கினாள்.

சொட்டுகிற படத்தைக் கொண்டுபோய், கண்ணாடி இல்லாத ஷோகேஸில் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

“காயட்டும் தம்பி. திதியன்னிக்கு வந்து எடுத்துக்கிறேன்.”

முந்தானையில் கையைத் துடைக்காமல் வெயிலில் இறங்கி நடந்தாள். சந்தைக்கு மாடு ஏற்றிப்போன லாரி ஒன்று கடைக்கு நேராக வேகத்தைக் குறைத்தது. டிரைவரும் பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். தோளிலிருந்து இறங்கிய சிவப்புக் கோடு சட்டைப் பையைத் தாண்டி, காகிதத்தின் விளிம்புக்கு வந்து, விழாமல் கனத்துக்கொண்டிருந்தது.