தமிழில் எழுதிய பெயர்

அன்புச்செல்வன் எனக்கு நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் தர வேண்டியிருந்தது. அது கடன் என்றே மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது.

நாங்கள் இருவரும் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை வாரிப் போடும் காண்ட்ராக்ட் ஆட்கள். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பழைய கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். எத்தனை வருஷம் உழைத்தாலும் கையில் மிஞ்சுவது கடைசி பாஸ் மட்டும். அதனால் கொடுப்பதற்கு முன்னால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது என்று எங்கள் கேங்கில் இருபத்தாறு பேரும் பேசி வைத்திருந்தோம். பர்மனென்ட் என்று பேச்சு வந்தால் அந்தப் படம்தான் சாட்சி.

படம் எடுப்பது அன்பு. டிப்ளமோ படித்தவன். எடுத்ததை எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பான்.

"ஒரே டிஸ்க்குல வெச்சா ஆபத்துண்ணே. என்னிக்கின்னாலும் அது செத்துப்போவும். இன்னொண்ணு வாங்கி அதுலயும் காப்பி போட்டு வெக்கணும்" என்று அவன்தான் சொன்னான். நல்ல யோசனை. போனஸ் பணத்தில் அந்த நாலாயிரத்து முந்நூற்றைம்பதை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான். "பொட்டிக்குள்ளயே மாட்டிட்டேண்ணே, பாருங்க" என்றான். திரையில் இரண்டு கட்டம் தெரிந்தது. எனக்குப் புரிகிற மாதிரி தமிழில் பேர் போடச் சொன்னேன். போட்டான். ‘முதல் டிஸ்க்’, ‘இரண்டாவது டிஸ்க்’. நான் நாற்பது வயதுக்கு மேல் எழுத்து படித்தவன். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். எழுதியிருந்ததால் நம்பினேன்.

போன மாதம் சுரங்க ஆபீஸில் பர்மனென்ட்டுக்காகச் சர்வீஸ் பட்டியல் எடுப்பதாகச் சொன்னார்கள். பதினைந்தாம் தேதிக்குள் பாஸ் நகல் கொடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் அன்பு வீட்டுக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. திரை விடியவே இல்லை.

"ஒரு மாசமா இப்பிடித்தான் சத்தம் போட்டுகினு இருந்துது. ஆப் பண்ணி ஆன் பண்ணா வந்துடும்" என்றான்.

"போனா போவுது. அதான் ரெண்டாவது இருக்குதே."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கடைக்கு எடுத்துகினு போலாம்ண்ணே" என்றான்.

மெயின் பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற சரிதா மூடியைக் கழற்றினாள். "ஒரு டிஸ்க்குதானே இருக்குது?" என்றாள்.

"ரெண்டும்மா. பேரு நானே படிச்சேன்."

அவள் அன்புவைப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "ஒரே டிஸ்க்க ரெண்டா பிரிச்சு ரெண்டு பேரு வெச்சிருக்காங்க ஐயா. ஒரு குவார்ட்டர்ஸுக்கு நடுவுல தடுப்பு வெச்ச மாதிரி. கூரை விழுந்தா ரெண்டு பக்கமும்தான் போவும். காப்பின்னா வேற டிஸ்க்குல இருக்கணும், அதுவும் வேற வூட்ல இருக்கணும். இந்தச் சத்தம் கேட்ட அன்னிக்கே நிறுத்தியிருந்தாகூட கொஞ்சம் எடுத்திருக்கலாம். போட்டுப் போட்டு உள்ளே தட்டெல்லாம் கீறிப்போச்சு."

வெளியே வந்ததும் அன்புவின் சட்டையைப் பிடித்தேன்.

"பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸு கட்டிட்டேண்ணே. அடுத்த மாசம் வாங்கி மாட்டிடலாம்னுதான் இருந்தேன். பழசும் நல்லாத்தானே ஓடிகினு இருந்துது."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா. சரி, உன் பாஸுக்கு என்ன பண்ணுவ?"

"என்னோடது மெயில்ல கெடக்குது" என்றான்.

பிடி தானாக விட்டுப்போனது. அவனுடையதை மட்டும் வேறு இடத்தில் வைத்திருக்கிறான். அப்படி வைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

மற்ற இருபத்து நாலு பேர் வீட்டுக்கும் நடந்தேன். ஒன்பது பேர் வீட்டுப் போன்களில், அன்பு எப்போதோ அனுப்பிய படம் அழியாமல் கிடைத்தது. என்னுடையது பட்டன் போன், அதில் படம் வராது. பதினைந்தாம் தேதி ஆபீஸில் என் கடைசி பாஸை மட்டும் நீட்டினேன். பன்னிரண்டு வருஷம் வாரினவனுக்கு இரண்டு வருஷம் என்று எழுதிக்கொண்டார்கள். அன்புவுக்கு முழுசாகப் பதினொன்று.

சம்பளத்தன்று அவனே என்னைச் சரிதா கடைக்குக் கூப்பிட்டுப் போனான். பணத்தை மேஜைமேல் வைத்து, "எண்ணிக்கோங்கண்ணே" என்றான்.

"நீ குடுக்கறதாச்சே, எண்ணாம வுடுவனா?"

எண்ணினேன். குறையவில்லை. மீந்த அந்த ஒன்பது பேர் படங்களை வைக்க அந்தப் பணத்திலேயே ஒரு டிஸ்க் வாங்கினேன், கையில் பிடிக்கிற மாதிரி, வெளியில் வைப்பது. மறக்காமல் இருக்க மேலே பேர் எழுதி ஒட்டட்டுமா என்று சரிதா கேட்டாள்.

"வேணாம்மா. கையில கனக்குது, அது போதும்."

அன்பு வாசலிலேயே நின்றிருந்தான். "அண்ணே, சரியாப் போச்சில்ல?"

"காசு சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.