செயலாளர் வீடு கடைசியாக இருக்கட்டும்

அம்பலவாணனுக்கு அறுபத்து மூன்று வயதில் சொத்து என்று இருந்தது அவருடைய நல்ல பெயர் ஒன்றுதான். அதைக் காப்பாற்றப் போய்த்தான் மனைவியைப் பறிகொடுத்தார். இப்படிப் பட்டென்று சொன்னால் எனக்குக் கல்மனம் என்பீர்கள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை வக்கீல் அலுவலகத்துக் கதிரையில் இருந்தபோது அவரும் தனக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

புலம்பெயர்ந்து வந்த எங்கள் சனம் இருக்கும் நோர்பரியில் பதினெட்டு வீடுகள் சேர்ந்த ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கம். வீடுகள் சங்கத்துக்குச் சொந்தம், சங்கம் குடியிருப்பவர்களுக்குச் சொந்தம். வீட்டுக்காரன் என்று தனியே ஒருவன் கிடையாது. ஒன்பது வருஷமாக அம்பலவாணன்தான் அதற்குச் செயலாளர். சம்பளம் இல்லை. யார் வீட்டில் கூரை ஒழுகினாலும் போன் இவருக்குத்தான் வரும். முந்தைய செயலாளர் சங்கக் காசில் தன் வீட்டுச் சமையல் குசினியை முதலில் மாற்றிக்கொண்டார் என்று குகநாதன் என்றொரு ஆள் கோயில், கடை, கலியாண மண்டபம் ஒன்று மிச்சம் விடாமல் சொல்லித் திரிந்தார். கடைசியில் அந்தச் செயலாளர் வெட்கம் தாங்காமல் நகரத்தின் மறுகோடிக்கு, எட்மண்டன் பக்கம் குடிபோய்விட்டார். அதைக் கண்ணால் கண்டவர் அம்பலவாணன்.

இவருடைய வீடு ஏழாம் இலக்கம். படுக்கையறைச் சுவரில் ஈரம் ஊறி, மூலையிலிருந்து கறுப்பாகப் பூஞ்சணம் ஏறியது. மனைவி சிவமலர் சனிக்கிழமை தேய்த்துக் கழுவினால் புதன்கிழமை திரும்பவும் வந்து நிற்கும். அவளுக்கோ நெஞ்சு இழுப்பு. வருஷத்துக்கு மூன்று வீட்டுச் சுவரைத் திருத்தத்தான் சங்கத்துக்கு வசதி இருந்தது. சுவர்களைப் பரிசோதிக்க வந்தவர் மூன்று வருஷமும் ஏழாம் இலக்கத்தைத்தான் பட்டியலில் முதலாவதாக எழுதினார். மூன்று வருஷமும் சங்கக் கமிட்டிக் கூட்டத்தில் அதைக் கடைசிக்குத் தள்ளியது அம்பலவாணன். வீட்டுக்கு வந்ததும் சிவமலர் வாசலிலேயே நின்று, "என்னவாம்?" என்று கேட்பாள்.

"கமிட்டி ஒத்துக்கொள்ளேல்லை. அடுத்தமுறை பாப்பம்."

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் மனுசனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அந்தப் பயத்தில் சொன்ன பொய் அது. போன மாசியில் சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் பத்தாம் நாள் அங்கேயே போய்விட்டாள். சுவாசப்பையைக் கெடுத்ததில் பூஞ்சணத்துக்கும் பங்குண்டு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மோர்டனில் இருக்கும் ஒரே மகள் தக்ஷிகா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, சங்கத்தின் மேல் வழக்குப் போட நேரே ஒரு வக்கீலிடம் போனாள். "அப்பா, நீங்கள் இதிலை தலையிடாதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள். அம்பலவாணன் வாயை மூடிக்கொண்டார். மூன்று மாதம் மூடியே இருந்தார்.

சங்கத்தின் வக்கீல் சுப்ரியா, சென்னைக்காரி. தர்ம ஸ்தாபனங்கள், கூட்டுறவு வீடுகள், ஆற்றில் கழிவு விடாதே என்று போராடுகிறவர்கள், இப்படிப்பட்டவர்களுக்கென்றே நடக்கும் அலுவலகம் அவளுடையது. கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லித்தான் செயலாளரைக் கூப்பிட்டிருந்தாள். முதலில் மகள் பக்கத்திலிருந்து வந்த கடிதத்தில் ஒரு பந்தியைத் தமிழில் சொன்னாள்.

"உங்க பொண்ணு என்ன எழுதியிருக்காங்கன்னா, 'என் அப்பா ஒவ்வொரு கூட்டத்திலயும் அம்மாவுக்காகக் கெஞ்சினார், கமிட்டி மூணு தடவையும் மறுத்துடுச்சு.' அப்படித்தானா சார்?"

அவர் கொண்டுவந்த கூட்டக் குறிப்புப் புத்தகத்தை மேசையில் வைத்தார். எல்லாம் அவருடைய கையெழுத்து. அழகான எழுத்து என்று அவருக்கே ஒரு பெருமை உண்டு. சுப்ரியா பக்கம் பக்கமாகப் படித்தாள். ஓரிடத்தில் நின்று, திரும்பவும் படித்தாள். கமிட்டித் தலைவி டொலறஸ், "உங்கள் மனைவிக்கு உடம்பு சரியில்லையே, முதலில் அதைச் செய்வோம்" என்று சொன்னது அதில் இருந்தது. "செயலாளர் வீடு கடைசியாக இருக்கட்டும், பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது" என்று இவர் மறுத்ததும் இருந்தது. அதற்குக் கீழே, செயலாளரின் தன்னலமற்ற மனதுக்குக் கமிட்டி நன்றி தெரிவித்தது என்று அவரே தன் கையால் எழுதியிருந்தார். மூன்று வருஷமும் அதே நன்றி.

"மகளின்ரை வக்கீல் ஆக்களுக்கு இதை அனுப்பாமல் விட ஏலாதோ?" என்று கேட்டார். கேட்டவுடனே கூசிப் போனார்.

"முடியாது சார். இதை மறைச்சோம்னு இன்சூரன்ஸ் கையை விரிச்சுட்டா, நஷ்டஈடு கட்டப் பதினெட்டு வீடும் வித்தாகணும். அதுல இருக்கிறவங்க எங்க போவாங்க?" அவள் குரல் இறங்கியது. "நான் சங்கத்தோட வக்கீல். உங்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை இல்ல, நீங்க தனியா ஒருத்தரைப் பாருங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். இது வெள்ளிக்கிழமை தபால்ல போகுது."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அவரைத் தெரிந்த யாரும் மூன்று நாளும் கட்டிலில் சுருண்டு கிடப்பார் என்றுதான் பந்தயம் கட்டியிருப்பார்கள். மனிதர் அலுவலகப் படியிறங்கி நேரே மோர்டன் ரயில் ஏறினார். வழி நெடுக, சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் அது ஒன்றாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தவன் மருமகன் துஷாந்தன். "வாங்கோ மாமா, சாப்பிட்டியளோ?"

தக்ஷிகா சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை விரித்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். அவர் கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

"பிள்ளை, கமிட்டி மறுக்கேல்லை. நான்தான் வேண்டாமெண்டனான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். பட்டியலில் முதலாவதாக இருந்தது, டொலறஸ் சொன்னது, குகநாதன் வாய்க்குப் பயந்தது, வாசலில் வைத்துச் சொன்ன பொய். தன்னைக் காப்பாற்ற ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவர் வாழ்க்கையில் உண்மையில் தன்னலமில்லாமல் செய்த காரியம் இது ஒன்றுதான் என்பேன். மகள் கத்துவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் கம்ப்யூட்டரை மெதுவாக மூடினாள்.

"அம்மாவுக்கு இது தெரியுமோ?"

"தெரியாது."

"மீட்டிங்குக்கு எல்லாம் அம்மா றோல்ஸ் செய்து தந்து விட்டவ. ஏனெண்டு தெரியுமோ அப்பா?"

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஏதாவது செய்து கொடுக்கிற கை சிவமலருடையது, அதனால்தான் என்று அவர் நினைத்திருந்தார். எண்ணெயில் பொரித்துச் சுடச்சுட எடுத்த அந்தப் பலகாரத்தில் இரண்டு மூன்று அவரும் தின்றிருக்கிறார்.

"கமிட்டி ஆக்களின்ரை மனம் இளகட்டுமெண்டு. எண்ணெய்ப் புகையிலை நிண்டு இருமி இருமிச் செய்தவ. நான் போனிலை ஏசினனான், படுங்கோ அம்மா எண்டு. 'பாவம் உன்ரை அப்பா, தனியக் கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனார், என்னாலை ஏலுமானது இவ்வளவுதான்' எண்டு சொன்னவ."

அம்பலவாணனுக்கு ஆஸ்பத்திரியில், சுடலையில், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவில் எங்கும் வராத அழுகை அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் எழுந்து வரவில்லை. துஷாந்தன் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

அழுகை ஓய்ந்த பிறகு தக்ஷிகா சொன்னாள். "வழக்கை நிப்பாட்டச் சொல்லி நாளைக்கு எழுதிறன். அந்தச் சனம் என்ன பிழை செய்தது?"

பதினெட்டு வீடும் தப்பிவிட்டது. அதில் யாருக்கும் அது தெரியப் போவதில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சிவமலர் போன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவருக்கு இந்த வீட்டில்தான். நிலத்தைப் பார்த்தபடி, "ஞாயிற்றுக்கிழமை வரட்டோ, பிள்ளை?" என்று கேட்டார்.

அவள் மூடிய கம்ப்யூட்டரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியாமல் போனது நல்லதப்பா" என்றாள். "தெரிஞ்சிருந்தாலும் அவ உங்களுக்குச் சோறு போட்டிருப்பா. என்னாலை ஏலாது."

துஷாந்தன்தான் வாசல் வரைக்கும் வந்து அவரை வழியனுப்பினான்.