பாராட்டு அட்டவணையில் இல்லாதவள்

1

இந்தக் கதை பிறக்கும்போது புகார்க் கடிதமாக இருந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எங்கள் சிறுநகரப் பள்ளியில் எட்டாம் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள்: பொருள் ஒரே வரியில் அடங்க வேண்டும், படிப்பவர் அடுத்த வரிக்குப் போகாமல் இருக்க முடியக் கூடாது. என் வரி இது: "இணையவழிக் கற்றல் வலையமைப்புத் தாளில் முப்பத்தேழாம் எண் மாணவிக்கு இழைக்கப்பட்ட அநீதி தொடர்பாக."

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் அதை நின்றபடியே படித்தார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"என்னம்மா இது, புகாரா கதையா?"

"புகார்தான் சார்."

"ஆதாரம் எங்க?"

நான் பேசவில்லை.

"ஆதாரம் இல்லாம எழுதினா அதுக்குப் பேரு கதை. எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சரி சார், கதை என்றால் கதை. கதையாகவே எழுதுகிறேன். கதைக்கு ஆதாரம் கேட்க முடியாதே, அதையும் யோசித்திருக்க வேண்டும் நீங்கள்.

2

கதைக்குத் தொடக்கம் வேண்டும். சில தொடக்கங்களை முயன்று பார்த்தேன்.

"அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. கணினி அறையின் ஜன்னலோரம் அவள்—" (வேண்டாம். அன்று மழை இல்லை. கணினி அறைக்கு ஜன்னலும் இல்லை.)

"கண்களில் கனவுகளோடு ஆசிரியப் பணிக்கு—" (அவள் கண்களில் கனவைவிடத் தூக்கம்தான் அதிகம் இருக்கும்.)

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்." (கை பழகிய பழக்கம். மன்னிக்கவும்.)

மூன்றையும் விட்டுவிட்டேன். வகுப்பில் என்னைத் 'தபால்' என்று கூப்பிடுவார்கள். விடுதியில் தண்ணீர் வராததற்கும் எழுதுவேன், நூலகத்தில் மின்விசிறி ஓடாததற்கும் எழுதுவேன். பத்தி பத்தியாக, நடந்ததை நடந்த வரிசையில். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்படியே சொல்கிறேன்.

3

நாங்கள் முப்பத்தேழு பேர். ஆசிரியர்களாகப் போகிறவர்கள். கடைசிப் பருவத்தில் ஒரு தாள்: 'எதிர்கால ஆசிரியருக்கான இணையவழித் தொழில்முறைக் கற்றல் வலையமைப்பு.' சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் நாங்கள் 'வலை' என்றோம்.

யோசனை தங்கமானது. அதையும் சொல்லிவிட வேண்டும். வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டால் ஆசிரியர் தனி ஆள். பக்கத்து அறையில் என்ன நடத்துகிறார்கள் என்றுகூடத் தெரியாது. பணியில் இருப்பவர்களை இணையத்தில் தேடிப் பிடித்து, சந்தேகம் கேட்டு, தெரிந்ததைப் பகிர்ந்து, வேலைக்குப் போகும் முன்பே நாலு பேரைச் சம்பாதித்துக்கொள். யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் மதிப்பெண் போட வேண்டுமே! அதற்கு ஒரு படிவம். தொடர்புகள் முப்பதுக்குக் குறையக் கூடாது. வாரம் ஒரு பதிவு, பத்து வாரம். ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்து கருத்துகளாவது வந்திருக்க வேண்டும். வந்த கருத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்குப் படிவத்தில் கட்டமே கிடையாது. இருந்தால்தானே நிரப்புவார்கள்?

வகுப்புத் தலைவி எழுந்து விரிவுரையாளரைக் கேட்டாள்.

"சார், யாரோட தொடர்பு வேணும்னாலும் கணக்குல வருமா?"

"தொடர்பு தொடர்புதாம்மா. எண்ணிக்கை சரியா இருந்தா போதும்."

வகுப்பே சிரித்தது. இந்தக் கதை எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று கேட்டால் அந்த நிமிடத்தைத்தான் காட்டுவேன்.

அன்று மாலையே ஓர் அட்டவணை தயாரானது. ஆறு பேர் கொண்ட ஆறு குழுக்கள். குழுவில் ஒருவர் பதிவு போட்டால் மற்ற ஐவரும் கருத்து எழுத வேண்டும். ஐந்து கருத்து ஆயிற்றா? முப்பத்தாறு பேரும் ஒருவரையொருவர் தொடர்பில் சேர்த்துக்கொண்டால் ஆளுக்கு முப்பத்தைந்து. ஆயிற்றா? என்ன எழுதுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்க, அடியில் ஐந்து பாராட்டு வாக்கியங்களும் தரப்பட்டிருந்தன.*

(* 'மிகவும் பயனுள்ள பதிவு', 'ஆழமான அலசல்', 'வகுப்பறைக்கு ஏற்ற உத்தி', 'தொடர்ந்து எழுதுங்கள்', 'அருமை'. ஐவரும் ஒரே வாக்கியத்தை எழுதிவிடாமல் இருக்கச் சுழற்சி முறை.)

அட்டவணையைப் போட்டது யார் என்கிறீர்களா? தபால்தான். நான்தான். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, நகல் எடுத்து, முப்பத்தாறு பேருக்கும் கொடுத்தேன்.

பத்து வாரம் அச்சு பிசகாமல் ஓடியது. ஒரு வாரம் அவசரத்தில் வெறும் தலைப்பை மட்டும் பதிவேற்றிவிட்டேன். உள்ளே ஒரு சொல் இல்லை. கீழே 'ஆழமான அலசல்' என்று வந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரிப்பு மட்டும்தான் வந்தது.

முப்பத்தேழாம் எண்காரி அட்டவணையில் சேர மறுத்துவிட்டாள். (இந்த வாக்கியத்தைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.)

4

வருகைப் பதிவேட்டில் கடைசி எண் என்பதால் அவளுக்கு 'முப்பத்தேழு' என்றே பெயராகிவிட்டது. என் அறைத் தோழி. பயிற்சிக்குப் போன பள்ளியில் அவளுக்கு மூன்றாம் வகுப்பு. அவள் வலையில் போட்ட முதல் பதிவு இவ்வளவுதான்:

"ஒரு குழந்தை 52-இலிருந்து 27-ஐக் கழித்தால் 35 என்கிறாள். எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் 35தான். நான் எங்கே தப்பு செய்கிறேன்?"

ஒரு வாரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு எந்த ஊர் என்றே தெரியாத ஓர் ஆசிரியை எழுதினார்: "விடையைத் திருத்தாதீங்க. எப்படி வந்துச்சுன்னு அவ வாயாலயே சொல்ல வைங்க." இன்னொருவர், பத்துப் பத்தாகக் குச்சிகளைக் கட்டி வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று படம் அனுப்பினார். மூன்றாமவர் வந்து, "குச்சியை முதல்ல தூக்கிப் போடுங்க" என்றார். இருவரும் பதினொரு நாள் சண்டை போட்டார்கள். நிஜமான சண்டை. மரியாதையோடு, உதாரணங்களோடு, விட்டுக்கொடுக்காமல். அதை வேடிக்கை பார்க்க வந்த ஆசிரியர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

நடுவில் முப்பத்தேழு அந்தக் குழந்தையிடம் கேட்டே விட்டாள்.

குழந்தை சொன்னது: "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, எப்பவும் பெரிசுலேருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு? ஏழு பெரிசு, ரெண்டு சின்னது. அதான் அஞ்சு."

அப்படித்தான் சொல்லியிருந்தாள். அந்தக் குழந்தை சொன்ன சொல்லைத் தட்டாத குழந்தை. முப்பத்தேழு அதையும் ஒளிக்காமல் பதிவாகப் போட்டாள்: "தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது." அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இருபது வருஷமா நானும் இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன். நாளைக்கு என் வகுப்புல கேட்டுப் பாக்கறேன்."

பத்து வாரத்தில் மொத்தம் மூன்று பதிவுகள். மூன்றும் அந்த ஒரு குழந்தையைப் பற்றி. தொடர்புகள் ஒன்பது. ஒன்பதும் ஒரு முறைகூட 'அருமை' என்று எழுதாத ஒன்பது.

நாற்பதுக்கு அவளுக்குப் பதினொன்று. தேர்ச்சிக்கு இருபது வேண்டும். வெறும் தலைப்பைப் பதிவேற்றிய எனக்கு நாற்பது!

அவள் பயிற்சி எடுத்த பள்ளியின் தலைமை ஆசிரியை, "பாஸ் பண்ணிட்டு வா, ஜூன்ல மூணாம் வகுப்பு உனக்குத்தான்" என்று சொல்லிவைத்திருக்கிறார். இந்தத் தாள் போனால் அடுத்த வருடம்தான் மறுபடி எழுத முடியும். மூன்றாம் வகுப்பு அதுவரை காத்திருக்காது.

5

விரிவுரையாளரிடம் போனேன். இந்த உரையாடலில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

"சார், அவ பதிவைப் படிச்சீங்களா?"

"முப்பத்தேழு பேரு, ஆளுக்குப் பத்துப் பதிவு. எல்லாத்தையும் உக்காந்து படிச்சா நான் எப்பம்மா பாடம் நடத்தறது?"

"அப்ப எதை வச்சு சார் மார்க் போட்டீங்க?"

"படிவத்தை வச்சுத்தான். உனக்கு நாப்பதுக்கு நாப்பது போட்டேனே, அப்ப வந்து கேட்டியா?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் சுடச்சுடப் பதில் சொன்னதாகக் கதையில் வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் மேடைப் பேச்சாக வந்தன. அடித்துவிட்டேன். உண்மையில் நான் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

6

இதுவரை எழுதியதை முப்பத்தேழிடம் கொடுத்தேன். கட்டிலில் சாய்ந்து, குழந்தைகளின் நோட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தாள். நடுவில் இரண்டு முறை சிரித்தாள். முடித்ததும் சிரிக்கவில்லை.

"யாருடி இவ, இவ்ளோ நல்லவ? எனக்கே கும்பிடணும் போல இருக்கு."

"நீதான்."

"நானா? நான் எப்படி அட்டவணை வேண்டாம்னு சொன்னேன்?"

"சொல்லலையா?"

"ஏய் தபாலு, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. இதே கட்டில்ல உக்காந்து என்னையும் சேத்துக்கடின்னு கேட்டேன். அடுத்த வாரம் புதுசாப் போடறப்ப சேத்துக்கறேன்னே. அந்த அடுத்த வாரம் இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கு."

நான் நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"அஞ்சு கருத்து வந்திருந்தா நானும் உங்களை மாதிரியே 'அருமை'ன்னு போட்டுட்டு சும்மா இருந்திருப்பேன். யாரும் வரல. அதான் ஊரு பேரு தெரியாதவங்ககிட்ட போயி கேட்டேன். இதுல கொள்கையும் கிடையாது, ஒரு வெங்காயமும் கிடையாது. புரியுதா?"

"இதை எழுதட்டுமா?"

"எழுதாம? என் மார்க்தான் போச்சு. நடந்ததுமா போகணும்?"

ஆகவே எழுதுகிறேன். முப்பத்தேழு ஆறால் வகுபடாது. ஒரு குழுவில் ஏழாவது வரிசை போட வேண்டும். தாளில் இடமில்லை. கோடெல்லாம் மையால் போட்டாகிவிட்டது. இன்னொரு தாள் எடுத்து முதலிலிருந்து கோடு போட வேண்டும். எனக்குச் சோம்பலாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று நேற்று முழுவதும் தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

அது மட்டுமில்லை. அட்டவணையின் அடியில் குறிப்பு நான்கு, என் கையெழுத்தில்: "பட்டியலுக்கு வெளியே யாருக்கும் கருத்து எழுத வேண்டாம், தொடர்பும் கொடுக்க வேண்டாம். கணக்குக் குழம்பும்." முப்பத்தாறு பேரும் சொன்ன சொல் தட்டவில்லை.

மூன்றாம் பகுதியில் இருக்கும் அந்தப் பொய் வாக்கியத்தை நான் அடிக்கவில்லை. அங்கேயே கிடக்கட்டும். 'இழைக்கப்பட்ட அநீதி' என்று கடிதத்தில் எழுதியபோதும் இதே வேலையைத்தான் செய்தேன். யார் இழைத்தது என்று சொல்லாமலே தப்பித்துக்கொள்ள எவ்வளவு வசதியான சொல்! முதல்வர் ஆதாரம் கேட்டபோது அட்டவணை என் பைக்குள்தான் இருந்தது, நாலாக மடித்து. எடுத்துக் கொடுத்திருந்தால் என் நாற்பதும் போயிருக்கும். அதனால்தான் பேசவில்லை.

7

கோபம் யார்மேல் என்பதில் இப்போது எனக்கே வரிசை குழம்புகிறது. படிக்காமல் மதிப்பெண் போட்டவர்மேல் கோபம் குறையவில்லை. ஆனால் அவருடைய படிவத்தைவிட ஒழுங்கான படிவத்தைப் போட்டவள் நான்.

இனி வேலை. அலுவலகத்தில் விசாரித்தேன். எழுத்தர் அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்.

"ஒருத்தர் கையெழுத்து மட்டும் இருந்தா அது மனஸ்தாபம்மா. ரெண்டு பேர் போட்டாத்தான் புகார்."

"அவளே போடலாமா அக்கா?"

"மார்க் கம்மியா வாங்கின பொண்ணு போட்டா அது மேல்முறையீடு. அதுக்குத் தேதி போன வாரமே முடிஞ்சிருச்சு. வேற யாராவது ரெண்டு பேர் போட்டா மார்க்கை மறுபடி பாப்பாங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மார்க் பட்டியலை மூடி அனுப்பிடுவோம், பாத்துக்க."

வகுப்புத் தலைவியிடம் கேட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமா? அட்டவணையைக் கொடுத்தா முப்பத்தாறு பேருக்கும் பூஜ்யம். அவ ஒருத்திக்காகவா?"

"அவளுக்காக மட்டும் இல்ல. நாம பண்ணினதுக்காக."

"நாமளா? அட்டவணை போட்டது யாரு தாயே?"

சரியான கேள்வி. ஆனால் அவளும் பத்து வாரம் 'தொடர்ந்து எழுதுங்கள்' என்று எழுதியவள்தான். அதைச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

8

முடிவுகள்.

அ) விரிவுரையாளர் ஒரு மதியம் தற்செயலாக அந்த மூன்று பதிவுகளையும் படிக்கிறார். கண் கலங்குகிறது. பேனாவை எடுத்து— (நடக்காது. எழுதவே கை கூசுகிறது.)

ஆ) அட்டவணையைக் கிழித்துவிடுகிறேன். ஜூன் மாதம் முப்பத்தாறு பேரும் முப்பத்தாறு பள்ளிகளுக்குப் போகிறோம். முப்பத்தேழு விடுதி அறையில் அதே தாளுக்கு மறுபடி படிக்கிறாள். இந்த முடிவுக்கு யாரும் ஒரு துரும்பையும் நகர்த்த வேண்டியதில்லை. இப்போது நடந்துகொண்டிருப்பதே இதுதான்.

இ) முப்பத்தாறு பேரும் ஒவ்வொருவராக அலுவலக வாசலில் வந்து— (இரண்டாம் வரியைத் தாண்ட முடியவில்லை. யாருடைய முகத்தை வைத்தாலும் பொருந்த மறுக்கிறது.)

முடிவு எழுதுவது என் வேலை இல்லை என்று தோன்றுகிறது. நான் செய்து முடித்ததை மட்டும் சொல்கிறேன். இன்று புதன்கிழமை. கடிதத்தைப் புதிதாக எழுதிவிட்டேன். பொருள்: "முப்பத்தேழாம் எண் மாணவியை நான் அட்டவணையிலிருந்து விலக்கியதும், எங்கள் முப்பத்தாறு பேரின் பொய்க் கருத்துகளும் தொடர்பாக." அட்டவணையைப் பின்னால் சேர்த்துத் தைத்திருக்கிறேன். கீழே என் பெயர், எண், கையெழுத்து. அதற்கும் கீழே, இரண்டாவது கையெழுத்துக்கு, ஒரு கோடு.

கடிதம் வாசிப்பறையில், செய்தித்தாள் மேசையின் வலது கோடியில் இருக்கிறது. இந்தக் கதையை வலையில் பதிவேற்றுகிறேன். என் தொடர்பில் இருக்கும் முப்பத்தைந்து பேருக்கும் இது போய்ச் சேரும். அவர்களில் யாராவது இந்த வரிவரை வந்திருந்தால், எங்கள் வலையில் ஒரு பதிவு முழுதாகப் படிக்கப்பட்டது இதுவே முதல் முறை. தயவுசெய்து கீழே எதுவும் எழுதாதீர்கள். எழுந்து வாருங்கள்.

நீங்கள் அந்த முப்பத்தைந்து பேரில் ஒருவர் இல்லையென்றால், மன்னிக்கவும், உங்களால் இங்கே ஆகக்கூடியது எதுவுமில்லை. எங்களோடு காத்திருக்கலாம். முப்பத்தேழு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறை கதவு சத்தம் கேட்கும்போதும் நிமிர்கிறாள், பிறகு ஒன்றுமில்லாததுபோல் பக்கத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

கோடு காலியாக இருக்கிறது. வாசிப்பறை வெள்ளிக்கிழமை நான்கு மணிவரை திறந்திருக்கும்.