கரண்ட் இல்லாமல் ஓடிய தறி

மோகனப்பிரியாவுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்த அன்று, சோமனூரில் அவள் வீட்டு மூன்றாம் விசைத்தறி கரண்ட் இல்லாமல் ஓடத் தொடங்கியது. குழந்தையின் இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிவதாக டாக்டர் சொல்லியிருந்தார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஏழாம் மாதம் மறுபடி பார்க்கலாம் என்றும்தான் சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை. அவள் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊரெங்கும் மின்தடை. அத்தனை தறியும் அடங்கிக் கிடக்க, அவள் வீட்டுத் தறி ஒன்று மட்டும் ஸ்கேன் அறையில் கேட்ட அதே துடிப்பில் அடித்துக்கொண்டிருந்தது.

கணவன் மனோஜ்குமார் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தான், வயரைப் பிடுங்கிப் பார்த்தான்; தறி நிற்கவில்லை. திருட்டுக் கரண்ட் என்று மோப்பம் பிடித்து வந்த மின்வாரியத்துக் கிருபாசங்கர், "மீட்டர்ல ஏறாத வரைக்கும் எங்களுக்குச் சம்பந்தமில்லீங்க" என்று டீ குடித்துவிட்டுப் போனார். தறி நின்றால் குழந்தையின் இதயமும் நின்றுவிடும் என்று மோகனப்பிரியா முடிவுகட்டி, தறிப்பக்கமே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டுச் செல்லாத்தாளுக்குத் தறியைவிடப் புள்ளிதான் பெரிய சங்கதி. "ஏன் அம்மணி, புள்ளி எந்தப் பக்கமாமா? சத்தியமங்கலத்துல எங்க சின்னம்மா மருமகளுக்கு இப்பிடித்தான்..." என்று இழுத்தாள். மாமியார் ராசம்மாள் விடவில்லை: "வாய் ஓடறப்ப கைக்கும் வேலை குடு செல்லாத்தா, ஊடை நூலு தீரப்போகுது, மாத்து." அப்புறம் வம்பு பேச வந்த ஒவ்வொருவரும் நூல் மாற்றிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

ஏழாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்குப் போடும் கட்டுச்சோற்று விருந்தில், பந்தி மும்முரத்தில் எல்லோரும் நூல் மாற்றுவதை மறந்தார்கள். ஊடை நூல் தீர்ந்தது, தறி நின்றது. புளிச்சோறு எடுத்த கைகள் இலைமேலேயே நின்றன. மோகனப்பிரியா வயிற்றைத் தொட்டாள். அந்த நிசப்தத்தில், உள்ளேயிருந்து ஓர் உதை.

"உதைக்குது அத்தை" என்றாள். பிறகு பந்தியைப் பார்த்து, "நூலை மெதுவா மாத்திக்கலாங்க. சாப்பிடுங்க." அவளும் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பந்தி முடிந்து நூல் மாற்றியதும் தறி மறுபடி அடிக்கத் தொடங்கியது. அடுத்த வாரம் பார்த்த ஸ்கேனில் புள்ளி அப்படியே இருந்தது; இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

மகள் அக்ஷிதாவுக்கு இப்போது இரண்டு வயது. அவள் தெருவில் ஓடினால் தறியும் வேகம் பிடிக்கும். தூங்கினால் நிதானமாக அடிக்கும், துணியும் அப்போதுதான் நெருக்கமாக விழும். காய்ச்சல் வந்தால் அந்த வீட்டில் யாரும் தெர்மாமீட்டர் தேடுவதில்லை. ராசம்மாள் சமையல்கட்டிலிருந்தே மருமகளுக்குக் குரல் கொடுப்பாள்: "கண்ணு, தறி வேகமா அடிக்குது பாரு. புள்ளை நெத்தியத் தொட்டுப் பாரு."