வாவிப் பக்கத்து வரிசை

காலை ஒன்பதரைக்கு அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் அலுவலக வாசலில் வந்து நின்றதைக் கண்ணாடி வழியாகக் கண்டதிலிருந்து கம்சாயினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நான்கு வருடத்தில் வல்லிபுரம் ஒரு நாளும் மகளைத் தேடிப் புளியந்தீவுக்கு வந்தவரல்ல. நகரத்துக்கு வந்தால் உரக்கடை, வங்கி, அதோடு கரடியனாற்றுக்குத் திரும்பிவிடுவார். இன்றைக்கு என்னவென்றால் தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கக்கத்தில் ஒரு கோப்பு. மகளைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்புச் சிரித்துவிட்டு நேரே முதலாளியின் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

முதலாளி உதயரூபன் வீடு கட்டி விற்கிறவர். மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கமாக, பதினெட்டு வீடுகள் கட்டி முடித்திருந்தார். தண்ணீரைப் பார்த்தபடி முன் வரிசையில் ஆறு, பின்னால் பன்னிரண்டு. கல், கம்பி, சீமெந்து, கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, எந்த வீட்டை என்ன விலைக்கு விற்கலாம் என்று பட்டியல் போடுவது கம்சாயினியின் வேலை.

அரை மணித்தியாலம் கழித்து அப்பா வெளியே வந்தார். பின்னால் உதயரூபன், வாயெல்லாம் பல்லாக.

"நாலாம் நம்பர் வீடு, மனே. ஒனக்குத்தான்" என்றார் அப்பா. "முன்பணம் குடுத்துட்டன். வெள்ளிக்கிழம நொத்தாரிசுட்ட வட்டைய எழுதிக் குடுத்தா மிச்சக் காசும் வந்திரும். ஐப்பசிக்குக் கலியாணம், அதுக்கு முதல் குடிபூரலாம்."

கம்சாயினி கையிலிருந்த பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணோடு போகும். பெற்றவர்கள் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கொடுத்தாக வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். குடும்பத்து வீடு அக்கா தக்ஷாயினிக்குப் போய் ஆறு வருடம். அப்பாவும் அம்மாவும் இப்போது அதே வளவில் பின்பக்கத்தில் சாய்ப்பாக இறக்கிய பத்தி ஒன்றில் சட்டி பானையோடு ஒதுங்கியிருக்கிறார்கள். இளையவளுக்கு என்று மிஞ்சியிருந்தது கரடியனாற்றில் ஐந்து ஏக்கர் வயல், அப்பாவின் வாயில் அது எப்போதும் 'வட்டை'. அதுதான் இந்த இரண்டு கிழவர்களுக்கும் சோறு. அதைத்தான் வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்கப் போகிறார். இன்றைக்குப் புதன்.

"என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே அப்பா."

"என்னத்தக் கேக்கிற? நீ போட்ட விலை. வேற ஆர்ட வீடெண்டாலும் நான் பத்துப் பேரக் கூட்டிப் போய்க் காட்டி, பேரம் பேசி, கழுத்தப் பிடிச்சிரிப்பன். இதுக்கு என்னத்துக்கு? என்ட மகள் போட்ட கணக்குப் பிழைக்கா எண்டுதான் முதலாளிட்டயும் சொன்னனான்."

உதயரூபன் தலையை ஆட்டினார். கம்சாயினியைப் பார்க்காமலே ஆட்டினார்.

அவள் போட்ட கணக்கு. அதை நினைக்க அவளுக்குக் காதுமடல் சுட்டது. பட்டியல் போட்ட அன்று நடந்தது இதுதான். பின் வரிசை வீடு ஒன்று ஒரு கோடியே ஐந்து லட்சம். அது நியாயமான விலை, எந்தச் சபையிலும் விரித்துக் காட்டலாம். முன் வரிசையும் அதே வீடு, அதே கல், அதே கதவு. "வாவி தெரியுது, ஒரு பத்துக் கூட்டிப் போடுவமா?" என்று உதயரூபன் கேட்டார், கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்டார். கம்சாயினிதான் சொன்னாள்: "இருபது போடுங்க சேர். வெளிநாட்டுச் சனம் தண்ணியக் கண்டா விலை பாக்கா." உதயரூபன் அவளை வியந்து பார்த்தார். அடுத்த மாதம் சம்பளமும் கூடியது.

அது மட்டுமென்றால் கெட்டித்தனம் என்று தட்டிவிடலாம். முன் வரிசை நிலம் பின் வரிசையை விட இரண்டடி பள்ளம். நில மட்டம் பிடித்து அளந்தவளும் அவள்தான். கட்டுவதற்கு முந்தின மாரியில் அங்கே பதினொரு நாள் முழங்காலளவு தண்ணீர் நின்றதைச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பார்த்தவளும் அவள்தான். கிரவல் மண் கொட்டி உயர்த்தினால் செலவு என்று அரையடியோடு நிறுத்தினார்கள். ஆக, குறைய வேண்டிய விலை கூடியது. வாங்குகிறவர்கள் எல்லாரும் ஆனி ஆடியில் வந்து, வெடித்துக் கிடக்கும் தரையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

பின்னேரம் அப்பா விடவில்லை. "வா, வீட்டப் பாத்துட்டு வருவம்" என்று அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலம் கடந்தார். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டுக் காற்றில் நல்ல மனிதருக்கே எரிச்சல் வரும், இவளுக்குக் கேட்க வேண்டுமா. வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள், காற்று வாய்க்குள் மண்ணை அள்ளிப் போடும். காற்றின் மீது பழியைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

அப்பா வீட்டுக்குள் போகவே இல்லை. வளவில் குதிக்காலால் குத்தி ஒரு கட்டி மண்ணைக் கிளப்பினார். வெளிக் குழாயைத் திறந்து அதை நனைத்து, உள்ளங்கையில் உருட்டி, விரலளவு நீட்டினார். உடையவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா மனே, களி. நம்மட வட்டை மேட்டு நிலம், மழ பெஞ்சி மூண்டாம் நாள் காஞ்சிரும். நான் எத்தின வருசம் வாய்க்காலுக்குச் சண்ட புடிச்சிரிப்பன். இது கிழமக் கணக்கில தண்ணிய விடாம வச்சிரிக்கும். இப்பிடி மண் கிடைக்கக் குடுத்து வைக்கணும். முன்னுக்கு இரிக்கிற ஆறு ஊட்டுக்கும் இந்த மண்தான். அதான் பின்னுக்க விட்டுட்டு இத எடுத்தனான்."

கம்சாயினிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஐம்பது வருடம் நெல் விதைத்த மனிதர் குடியிருக்கிற வளவையும் வயல் பார்க்கிற கண்ணாலேயே பார்த்துவிட்டார். தண்ணீர் நிற்கும் என்பதற்காகவே பள்ளத்தைத் தேடி எடுத்திருக்கிறார்.

"அப்பா, வீட்டுக்கு..." என்று தொடங்கினாள்.

"ஆரு, கம்சாயினியா?" பக்கத்து வளவிலிருந்து குரல் வந்தது.

மூன்றாம் நம்பர் செசீலியா. கணவர் இறந்தபின் கல்லடியில் தையல் கடை வைத்து மகளை வளர்த்தவர். சுவிசில் இருக்கிற தம்பி அனுப்பிய காசையும் கடை விற்ற காசையும் சேர்த்து மகள் றொசானிக்கு இந்த வீட்டை வாங்கி ஆனியில் குடிவந்திருந்தார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர் விடாமல் இருவரையும் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி வைத்தார். தரையோடு தரையாகப் புதுச் சோபா, சுவரில் இருதயநாதர் படம், மூலையில் மருமகனின் கணினி. கம்சாயினியின் கண் எல்லாவற்றின் உயரத்தையும் அளந்துகொண்டு போனது. சோபா போகும். கணினி போகும். படம் தப்பும்.

"எனக்குச் சரியான பயம் ஐயா" என்று செசீலியா அப்பாவிடம் சொன்னார். "அப்ப மருமகனும் வரல்ல, ஆம்புள இல்லாத வீடு, ஏமாத்திப் போடுவாங்களோ எண்டு. உங்கட மகளிட்டத்தான் கேட்டன், விலை சரிதானே மகள் எண்டு. சரிதான் அன்ரி, பயப்பிடாதீங்க எண்டு சொன்னா. அந்தச் சொல்லுக்குத்தான் காசக் கட்டினன்."

அப்பா பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்சாயினி தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். உதயரூபன் வரும்வரை நாற்காலியில் உட்காரவில்லை. கோப்புகளை அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்தாள். வந்ததும் வராததுமாக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சேர், அப்பாக்குப் பின் வரிசையில ஒரு வீட்டக் குடுங்க."

"பின்னுக்கு மிஞ்சின கடைசி வீடும் நேத்துப் பின்னேரம் போயிட்டே. உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாருங்க, நீங்க நம்மட ஆள். எனக்கு விளங்குது. அந்த இருபதையும் கழிச்சுத் தாறன். பின் வரிசை விலைக்கே எடுங்க. வளவுக்கு நாலு லோட் கிரவலும் சும்மா அடிச்சுத் தாறன். ஆனா ஒரு கதை. மத்த அஞ்சு பேருக்கும் இது தெரியப்படாது. தெரிஞ்சா எல்லாரும் வரிசையில வந்து நிப்பாங்க."

அவர் கெட்ட மனிதரல்ல. கெட்ட மனிதராக இருந்திருந்தால் கம்சாயினிக்கு வேலை சுலபம், சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறியிருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டே கடதாசியில் புது விலையை எழுதிக் கையெழுத்து வைத்து நீட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது ஆறுதலாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். இருபது லட்சம் குறைந்தால் வட்டையில் ஒரு ஏக்கராவது மிஞ்சும். நாலு லோட் கிரவல் அடித்தால் தங்கள் வளவுத் தண்ணீர் பக்கத்து வளவுக்கு இறங்கிவிடும். பக்கத்து வளவு என்றால் மூன்றாம் நம்பர். அந்த நினைப்பு வந்த இடத்தில் அவள் ஆறுதல் நின்றுவிட்டது.

மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கரடியனாற்றுக்கு பஸ் ஏறினாள். அப்பா பத்தியில் சாக்கின் மேல் உட்கார்ந்து வயல் உறுதியை ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்க அதில் ஒன்றுமில்லை, நாலு எல்லையும் மனப்பாடம். சும்மா புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, முதலாளி இருபது லட்சம் குறைச்சிட்டார்" என்று கடதாசியை நீட்டினாள்.

அவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்திருந்தாள். அவர் கடதாசியை வாங்கவேயில்லை.

"அவர் ஏன் குறைச்ச?"

"நான் கேட்டனான்."

"கேட்டா குறைக்கிறதா? நேத்து ஒண்டேகால் கோடி. இண்டைக்கு இருபது லட்சம் விழுந்துட்டு. ஒரு நாளையில இருபது லட்சம் விழுற சாமான் என்ன சாமான், மனே?" அவர் உறுதியை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். "நெல்லு விக்கப் போற எனக்குத் தெரியாதா. யாவாரி பேரம் பேசாமலே விலைய மாத்தினா மூட்டைக்குள்ள என்னவோ இரிக்கி எண்டு அர்த்தம். சொல்லு."

அப்போதுதான் சொன்னாள். இரண்டடிப் பள்ளம், பதினொரு நாள் தண்ணீர், மிச்சம் பிடித்த கிரவல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த இருபது லட்சத்தைத் தன் வாயால் சொன்னதையும் சொன்னாள். உள்ளே மீன் வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

அப்பா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நேற்று அந்தக் களியை உருட்டிய கை.

"நான் மடையன்" என்றார். "வயலுக்குப் பாக்கிற மண்ண ஊட்டுக்குப் பாத்துட்டன். அது என்ட பிழ. வட்டைய நாளைக்கு எழுதல்ல. குடுத்த முன்பணம் வந்தா வரட்டும், இல்லாட்டி போகட்டும். மாப்புள ஊட்டாரோட நான் கதைக்கிறன், ஐப்பசி இல்லாட்டி தை. அதுக்கொண்டும் உலகம் அழியா."

கம்சாயினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவர் கேட்டார்.

"அந்தத் தையக்காரம்மாக்குச் சொன்னியா?"

அவள் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவ சொன்னா எலுவா, உன்ட சொல்லுக்குத்தான் காசு கட்டினனெண்டு. நானும் உன்ட சொல்லுக்குத்தான் கட்டினன். எனக்கு ஓடி வந்து சொல்லிட்டாய். நான் உன்ட அப்பன். அவக்கு ஆர் சொல்லுற?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் உண்மையிலேயே பதில் தெரியாதவர் போலக் கேட்டார். நேற்று அந்த வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தவர் இப்போது சாக்கின் மேல் கூனிப் போயிருந்தார். அவளுக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"மோட்டச் சைக்கிள் தாங்கப்பா" என்றாள்.

போகிற வழியில் அலுவலகத்தில் நின்று நில மட்டம் பிடித்த வரைபடத்தை எடுத்துக்கொண்டாள். விலைப் பட்டியலையும் எடுத்தாள். உதயரூபன் அறையில் இல்லை. அவர் கையெழுத்திட்ட கடதாசியை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் தன் அலுவலகச் சாவியை வைத்தாள். நாளைக்கு வேலை இருக்குமா என்று யோசிக்கத் தொடங்கினால் கால் பின்வாங்கும் என்று தெரிந்து யோசிக்காமல் இறங்கினாள். மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. முன் வரிசையில் வாங்கிய ஐந்து வீட்டுக்காரரும் ஒன்றாகப் போய் நின்றால் இருபது லட்சத்தைத் திருப்பிக் கேட்கலாம், வடிகானாவது வெட்டுவிக்கலாம். பாலத்தில் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது.

மூன்றாம் நம்பர் வளவில் செசீலியா புதிதாக நட்ட மாதுளைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காய்ந்த தரை குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க, தண்ணீர் செடியடியில் குளமாகத் தேங்கி நின்றது.

"வாங்க மகள். அப்பா நாலாம் நம்பர எழுதிட்டாரா?"

"இல்ல அன்ரி. எடுக்கல்ல."

"ஏனாம்?"

கம்சாயினி தலைக்கவசத்தைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அண்டைக்கு நீங்க விலை சரியோ எண்டு கேட்டீங்க அன்ரி. சரியில்ல."

செசீலியா குழாயைக் கீழே போட்டார். அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப ஏன் மகள் எனக்குச் சரியெண்டு சொன்னீங்க?"

"அந்த விலையப் போட்டதே நான்தான் அன்ரி" என்றாள் கம்சாயினி. தேங்கிய தண்ணீர் மெல்லப் பரவி அவள் செருப்பை நனைத்தது. அவள் காலை எடுக்கவில்லை.