சுகரும் சீனியும்

என் வீட்டுக்காரர் இம்மானுவேல் சோற்றை விட்டுவிட்டார். சோறு மட்டுமா? இட்லி, தோசை, பால், சீனி, கருப்பட்டி, கடைசியில் கம்பத்துப் பன்னீர் திராட்சை வரை எல்லாவற்றுக்கும் தடை. போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற மனிதர், பக்கத்துக் கடைக்காரர் போனில் காட்டிய ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, "இனிமே இயற்கையா வெளையிறது மட்டுந்தான்" என்றார். "நெல்லு என்ன பேக்டரியிலயா வெளையுது?" என்று கேட்டேன். வீட்டிலிருந்த சீனியையும் கருப்பட்டியையும் அவரே அள்ளி, வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுத்தனுப்பினார்.

தின்பதும் தின்னாததும் அவர் இஷ்டம். என் கவலை வேறு. சாப்பாட்டைக் குறைத்தவர் சுகர் மாத்திரையைக் குறைக்கவில்லை. பட்டினி வயிற்றில் அந்த மாத்திரை ரத்தச் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க" என்று தலையால் அடித்துக்கொண்டேன். "கேட்டா வேண்டாம்பாக. கொறஞ்ச பெறகு ரிப்போர்ட்டக் கொண்டுபோய்க் காட்டுறேன், அப்பப் பாரு" என்றார். வீம்பு! இந்த வீம்புக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்கிற நோன்பு நாட்கள். கோயிலில் யாரோ காபி நீட்ட, வேண்டாமென்று கை காட்டியிருக்கிறார். அவ்வளவுதான், அவர் உபவாசம் இருக்கிறார் என்று சபையார் முடிவுகட்டிவிட்டார்கள். இவரும் மறுக்கவில்லை. "டயட்டுன்னு சொன்னா கேலி பண்ணுவாக. நீ வாயத் தொறந்துராத செல்வி" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. கேட்டால், பொய் சொல்லவில்லையாம், சும்மா இருந்தாராம்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். அன்று மத்தியானம் அவர் தட்டில் இருந்தது வெள்ளரிக்காயும் ஒரு முட்டையும்தான். கூடம் நிறைய ஆட்கள். பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியபோது எதேச்சையாக அவரைப் பார்த்தேன். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைகள் நடுங்கின. உதடு ஏதோ முணுமுணுத்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"ஸ்தோத்திரம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணாச்சி மேல ஆவியானவரோட அபிஷேகம் எறங்கிருச்சு!"

ஜெபச் சத்தம் ஏறியது. எழுந்து அவரிடம் ஓடினேன். அவருடைய தங்கை இவாஞ்சலின் குறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீக மதினி. உபவாசம் இருந்து ஜெபிக்கிற மனுசன். ஆண்டவர் பேசுறாரு."

அவள் கண்ணில் தண்ணீர். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். வாயைத் திறந்தால் இத்தனை பேர் முன்னால் அவர் மானம் போகும். திறக்காவிட்டால் ஆளே போய்விடுவார். "ஏங்க!" என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்தார், நான் யாரென்றே தெரியாத பார்வை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

"விடுடி கைய!" உதறினேன். "உபவாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல! டயட்டுன்னு பட்டினி கெடக்காக! சுகர் எறங்கிருச்சு! சுகர் கொண்டா, ஓடு, சுகர்!"

ஜெபம் சட்டென்று நின்றது. இவாஞ்சலின் பறந்தாள். ஒரு கையில் தண்ணீர், மறு கையில் அவருடைய மாத்திரையோடு ஓடி வந்தாள். "இந்தாங்கண்ணே, சுகர் மாத்திரை, வாயத் தொறங்க" என்று அவர் உதடு வரை கொண்டுபோய்விட்டாள்.

எங்கள் ஊரில் சுகர் என்றால் வியாதி. டீயில் போடுவது சீனி. அந்தப் பதற்றத்தில் சீனியைச் சுகர் என்கிற ஆஸ்பத்திரிப் பேச்சு என் வாயில் வந்து தொலைத்தது. அவளைச் சொல்லி என்ன குற்றம்?

மாத்திரையைத் தட்டிவிட்டேன். டம்ளர் உருண்டு ஓடியது. "ஐயோ, அது கொன்னுரும்டி! சீனி! டீயில போடுற சீனி!"

அடுக்களைக்கு ஓடியவள் டப்பாக்களை உருட்டினாள். "சீனியே இல்லையே மதினி!" குரல் உடைந்துவிட்டது.

என் கத்தல் தெருவுக்கே கேட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டு முனீஸ்வரி சீனி டப்பாவோடு, கால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் ஓடி வந்தாள். யாரோ ஆட்டோ பிடிக்க ஓடினார்கள். அவரைச் சாய்த்துப் பிடித்து, ஈர விரலில் சீனியைத் தொட்டு உள்கன்னத்தில் தேய்த்தேன். திரும்பத் திரும்பத் தேய்த்தேன். "ஆண்டவரே, இவுகள என்கிட்ட விட்ரும்" என்று வாய்விட்டு அழுதேன். எனக்கு வேறு ஜெபம் வரவில்லை.

மெல்ல நாக்கு அசைந்து என் விரலைத் தேடியது. கொஞ்ச நேரத்தில் பார்வை தெளிந்தது. சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் பார்வை என்னிடம் வந்தது.

"சொல்லிட்டயா செல்வி?"

"சொல்லிட்டேன். எல்லாருக்கும்."

"மானம் போச்சே."

"போகட்டும். நீங்க இருக்கீகள்ல, அது போதும் எனக்கு."

காலடியில் உட்கார்ந்து இவாஞ்சலின் விசும்பிக்கொண்டிருந்தாள். ஜெபத்துக்கு அவள் கொண்டுவந்திருந்த பைபிள் மடியில் இருந்தது; அதை அவர் பார்த்தார். பிறகு கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார்.

"உபவாசம் இல்ல ஆத்தா," என்றார். "பசி."