மடை மாறும் நேரம்

பச்சையம்மாள் வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. கல்யாணத்துக்கு யாரோ மொய்யோடு சேர்த்துக் கொடுத்தது. சாவி கொடுக்க அவளுக்கு நேரம் கிடைக்காமல் அது எந்தக் காலத்திலோ நின்றுபோயிற்று. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூருக்குப் போகும் மலைபஸ் இருந்தது. ஊர் எல்லையில் இருக்கும் ஒடுக்கமான பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் கொடுப்பார். அந்தச் சத்தந்தான் அவளுக்குக் கடிகாரம், காலண்டர், மேஸ்திரி எல்லாம்.

பஸ் முதல் தடவை மலையேறும்போது அவள் அடுப்பில் உலை கொதிக்க வேண்டும். இறங்கி வரும்போது சோறு வடித்து, மாட்டை மாற்றிக் கட்டி, பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டு, மண்வெட்டியோடு கழனியில் நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்று சொல்வதுகூடத் தப்பு. அவள் நின்று யாரும் பார்த்ததில்லை. நடந்துகொண்டே தலை முடிவாள். தண்ணீர் பாயும்போதே களை பிடுங்குவாள். ஒரு கையில் சோற்றை உருட்டிக்கொண்டு மறு கையால் கோழியை விரட்டுவாள். "பஸ்ஸு லேட்டாச்சுன்னா பச்சையம்மாளுக்குக் காய்ச்சல் வந்துடும்" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அதைக் கேட்டுச் சிரிக்கவும் அவள் நிற்கமாட்டாள்.

கடிகாரத்தை அந்த வீட்டில் யாரும் நம்பாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவள் கணவன் அம்மாசிக்கும், அவன் அண்ணன் ராஜாங்கத்துக்கும் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. பாகம் பிரித்த புதிதில் மணி பார்த்துத்தான் தண்ணீர் முறை வைத்துக்கொண்டார்கள். ராஜாங்கத்தின் முறை வந்தால் அவர் கைக்கடிகாரம் நொண்டியடிக்கும். அம்மாசியின் முறை என்றால் அதே கடிகாரத்துக்கு நாலு கால் முளைத்துவிடும். கைகலப்பு வரைக்கும் போன பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். ஒருத்தன் கடிகாரமும் வேண்டாம், அரசாங்க பஸ்ஸுக்கு அண்ணன் தம்பி கிடையாது, அது பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் மடையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று தீர்த்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஹாரன் கேட்டால் தண்ணீர் வைத்திருப்பவர் எழுந்து, தன் வாய்க்காலை மண் போட்டு அடைத்து, அடுத்தவர் வாய்க்காலைத் திறந்துவிடுவார். சண்டை நின்றது. பேச்சும் அதோடு குறைந்துபோயிற்று.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் வந்தது. ஒரு வாரத்துக்கு ரோட்டில் எந்த வண்டியும் ஓடக்கூடாது என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் அம்மாசி வீட்டுக் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்களோடு கிளம்பினான். பாலத்துப் பக்கத்துப் புளியமரத்தில் முதல் வெட்டு விழுந்தது அவன் கையால்தான். மலைக்குப் போயிருந்த பஸ் திரும்பி வந்தபோது மரம் பாலத்தின் குறுக்கே கிடந்தது. பஸ் மரத்துக்கு மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. பின்னால் இன்னொரு கூட்டம் இன்னொரு மரத்தைச் சாய்த்தது. பஸ்ஸில் வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு நடந்து போனார்கள். டிரைவர் ஜான் பாஷா மட்டும், வண்டியை விட்டுப் போக மனசில்லாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கழனியில் அப்போது ராஜாங்கத்தின் முறை ஓடிக்கொண்டிருந்தது.

பச்சையம்மாள் மிளகாய் நாற்று நட்டு அன்றைக்கு மூன்றாம் நாள். உயிர்த்தண்ணீர் விட வேண்டிய நாள். அன்றைக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் நாற்று வேர் பிடிக்காமல் வாடிப் படுத்துவிடும். மறுபடி நட நாற்றும் இல்லை, நாற்று வளரும்வரை பருவமும் காத்திருக்காது. அவள் மண்வெட்டியோடு வரப்பில் வந்து காத்திருந்தாள். ஹாரன் வரவில்லை. களை பிடுங்கினாள். வரவில்லை. வரப்பைச் செதுக்கினாள், செதுக்கின வரப்பையே மறுபடியும் செதுக்கினாள். வெயில் தலைக்கு மேலே வந்ததும் பொறுக்க முடியாமல் மடைக்கே போய்விட்டாள். ராஜாங்கம் வேப்ப நிழலில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நேரம் ஆயிடுச்சு. மடைய மாத்துங்க."

"பஸ்ஸு வரலயேம்மா."

"பஸ்ஸு தோ நிக்குது. இங்கேருந்தே தெரியுதே."

"நிக்குதுதான். பாலத்தத் தாண்டலயே. பெரியவங்க இன்னா சொன்னாங்க? தாண்டினா மாத்துங்கன்னுதான சொன்னாங்க. நானா சொன்னேன்?"

குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவருடைய கரும்பு கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நெல் நாற்றங்காலும் நிரம்பி வழிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கரெண்ட் போகும்வரை தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது. மறுநாள் கரெண்ட் வந்ததும் ராஜாங்கம் மோட்டாரைப் போட்டுவிட்டு, முறை இன்னும் முடியலயே என்று பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். அவளுடைய நாற்றின் தலை தொங்க ஆரம்பித்திருந்தது. தொட்டால் பழைய துணி மாதிரி இருந்தது.

அவள் பாலத்துக்கு ஓடினாள். ஆட்கள் மரத்தின்மேலும் மரத்தைச் சுற்றியும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. அம்மாசி அடிமரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இப்படி ஒரு களையைக் கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை.

"இன்னா பச்ச, எதுக்கு ஓடியாந்த?"

"நீ வெட்டின மரம் ரோட்ட மட்டும் அடைக்கல. நம்ம மடையயும் அடச்சிக்கினு கெடக்குது."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் காலை மேலே இழுத்துக்கொண்டான். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஊரே ஒக்காந்துனு இருக்குது. ஒரு மொளகா கொல்லைக்காக மரத்த நவுத்தச் சொல்றியா? நம்ம புள்ளைங்க படிச்சிட்டு வேலைக்குப் போவ வேணாமா?"

"போவட்டும். நானா வேணான்றேன்? அதுவரிக்கும் இன்னா துன்னும்?"

"அண்ணங்கிட்ட நான் வந்து பேசறேன்."

"எப்ப?"

"எல்லாம் முடியட்டும்."

போராட்டத்தின்மேல் அவளுக்குக் குறை இல்லை. பிள்ளைகள் வரப்பை விட்டு வெளியே போக வேண்டும் என்று அவனைவிட அவளுக்குத்தான் ஆசை. ஆனால் எது முடியட்டும் என்று சொன்னாலும், அது முடிகிறவரை தாங்கிப் பிடிப்பது யார் என்று இந்த மனுஷன் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கத் திரும்பியபோதுதான் ஜான் பாஷாவைப் பார்த்தாள். மனுஷர் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

"காலையிலேருந்து எத்தினி தடவ தொடச்சேன்னு எனக்கே தெரியலம்மா" என்றார். "இந்நேரம் மேல ஏறி, டீ குடிச்சி, பாதி வழி எறங்கியிருப்பேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

பச்சையம்மாள் அவரைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள்.

"பாய், வண்டி போவலன்னாலும் ஹாரன் அடிக்குமா?"

"அடிக்கும். எதுக்கு?"

சொன்னாள். மடையைச் சொன்னாள், பெரியவர்கள் தீர்ப்பைச் சொன்னாள், தலை தொங்கும் நாற்றைச் சொன்னாள். ஜான் பாஷா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். இத்தனை வருஷமாகத் தன் ஹாரனுக்கு இரண்டு பேர் மண்வெட்டியைத் தூக்கினார்கள் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

"எந்நேரத்துக்கு அடிக்கணும்?"

"நீங்க வழக்கமாத் தாண்டற நேரத்துக்கு. எனக்காக ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்."

மரத்தின்மேல் இருந்தவர்களுக்குள் சலசலப்பு உண்டாயிற்று. ஹாரன் அடிக்கலாமா கூடாதா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "வண்டி ஓடக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. ஹாரனப் பத்தி ஒண்ணும் சொல்லலயே" என்று அம்மாசிதான் சொன்னான். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் இந்தப் புத்தி எந்தப் பக்கத்து வம்சத்திலிருந்து வந்ததோ என்று பச்சையம்மாள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் தள்ளுபடி செய்தாள்.

அவள் கழனிக்குத் திரும்பி மிளகாய்ப் பாத்தியில் குனிந்து நின்றாள்.  எப்போதும் மலையிலிருந்து இறங்கி வரும் நேரத்துக்குப் பாலத்திலிருந்து ஹாரன் நீளமாக எழுந்து வந்தது.

ராஜாங்கம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். மண்வெட்டியை எடுத்துத் தன் வாய்க்காலின் வாயில் ஒரு வெட்டு மண் போட்டார். இரண்டாவது வெட்டு எடுக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. மண்ணைத் தாங்கியபடி ரோட்டைப் பார்த்தார். பஸ் நின்ற இடத்திலேயே நின்றது.

"இது இன்னா புது வேஷம்?"

"சத்தம் கேட்டுத்தான மாமா இத்தினி வருசமா மாத்தினீங்க. என்னிக்காவது போய் பஸ்ஸ எட்டிப் பாத்தீங்களா?"

 அடைக்கத் தொடங்கிய வாய்க்காலை மறுபடி திறப்பது அந்த மனுஷராலும் முடியாத காரியமாக இருந்தது. கையில் இருந்த மண்ணைப் போட்டு அடைத்து, அவள் வாய்க்காலைத் திறந்துவிட்டு நிழலுக்குப் போனார். தண்ணீர் வளைந்து அவள் பக்கம் திரும்பி, முதல் பாத்தியில் நுரைத்துக்கொண்டு ஓடியது. பச்சையம்மாள் அதன் பின்னாலேயே ஓடினாள். மறுநாள் காலையில் சில நாற்று செத்திருந்தது, பாக்கி எல்லாம் தலையைத் தூக்கியிருந்தது.

அதற்குப் பிறகு ஓடாத பஸ்ஸை வைத்து ஊர் ஓடியது. ஜான் பாஷா ஒரு டிரிப்பைக்கூடத் தவறவிடவில்லை. ஹாரன் கேட்டுப் பெண்கள் உலை வைத்தார்கள், கிழவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டார்கள். கழனியில் மடை ஒழுங்காக மாறியது. ஒருநாள் பச்சையம்மாள் அவருக்குக் கேழ்வரகுக் களி கொண்டுபோனபோது அவர் முகம் வாடியிருந்தது. "பேட்டரி எறங்கிக்கினு வருதும்மா. ஏற்கெனவே தள்ளி விடற வண்டி. நேத்து சாயங்காலம் ஆட்டுக்குட்டி மாதிரி கத்திச்சு. இன்னிக்கி அடிக்குமோ என்னமோ" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் தண்ணீர் அவள் பக்கம் இருந்தது. மிளகாய் குடித்து முடித்துவிட்டது. நேரம் வந்தது. ஹாரன் வரவில்லை.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன். என்னைக் காய வைத்தீர் அல்லவா, இப்போது நீர் காயும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சோளத்தட்டைக்குத் தண்ணீரைத் திருப்பினாள். அது நிரம்பியதும் வரப்போரத் தென்னைக்குத் திருப்பினாள். அதற்கப்புறம் எதற்குத் திருப்புவது என்று தெரியாமல் நின்றாள். அவள் வாழ்க்கையிலேயே கையில் நேரம் மிஞ்சிப் போனது அன்றைக்குத்தான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. களையில் கை ஓடவில்லை. நேரம் போய்விட்டது, போய்விட்டது என்று ரோட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஹாரன் அடிக்காவிட்டால் என்ன, பஸ் இப்போது எங்கே இருக்கும், எந்த வளைவில் திரும்பும், எப்போது பாலத்துக்கு வரும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்தே இருந்தது.

எதிர் வரப்பில் ராஜாங்கம் உட்கார்ந்தார், எழுந்தார். ரோட்டைப் பார்த்தார். மண்வெட்டியைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். அவருடைய நாற்றங்கால் ஓரமெல்லாம் தண்ணீர் வற்றி மண் வெளுக்க ஆரம்பித்திருந்தது. மடையை மாற்று என்று அவரால் கேட்க முடியாது. கேட்க முடியாதபடி அவரே அன்றைக்குப் பேசி வைத்துவிட்டார். செதுக்கின வரப்பையே அவர் மறுபடி செதுக்க ஆரம்பித்தபோது பச்சையம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அது அவளுடைய இரண்டு நாள். அச்சு அசலாக அவளுடைய இரண்டு நாள்.

பாவம் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அவரை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலோடேயே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடைக்குப் போனாள். தன் வாய்க்காலை அடைத்தாள். அவருடையதைத் திறந்தாள். ராஜாங்கம் வந்து, தன் பக்கம் ஓடும் தண்ணீரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹாரன் அடிக்கலயேம்மா" என்றார்.

"அடிச்சுது மாமா. உங்களுக்குத்தான் கேக்கல."

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.  பிறகு துண்டு முனையால் இரண்டு காதையும் துடைத்துக்கொண்டார்.

"ஆமா. வயசாவுது இல்ல" என்றார்.

பச்சையம்மாள் அதற்குள் பாதி வரப்பைத் தாண்டியிருந்தாள். வீட்டில் மாடு கத்திக்கொண்டிருக்கும்.